‘ஒரு கஷ்டமும் இல்ல மேடம்’

எங்கள் பக்கத்தில் யாரிடமாவது போய் “உடம்புக்கு இன்னா?” என்று கேட்டுப் பாருங்கள். “ஒண்ணியும் இல்ல” என்பார்கள். உடம்பு அனலாய்க் கொதிக்கும், கண் இரண்டும் சிவந்திருக்கும், ஆனாலும் ஒண்ணியும் இல்ல. திருவொற்றியூரில் ஒரு சின்ன கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் மேசையில் உட்கார்ந்து பல வருஷமாக இந்த பதிலைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒன்றும் இல்லையென்றால் டோக்கன் எதற்கு என்று ஒருவரிடம் கேட்டேன். “சும்மா இந்தப் பக்கமா வந்தேன், டாக்டரப் பாத்துட்டுப் போலாம்னு” என்றார். அன்றைக்கு அவருக்குக் கால் எலும்பு முறிந்திருந்தது.

நான் படித்தது பத்தாவது வரைக்கும்தான். மற்றதெல்லாம் அந்த மேசையில் படித்தது. டாக்டர் சீட்டில் எழுதுவதைப் பார்ப்பேன். பழைய புத்தகக் கடையில் வாங்கிய ப்ளஸ் டூ உயிரியல் புத்தகத்தைப் புரட்டி, எந்த மருந்து எந்த உறுப்புக்குப் போகிறது என்று தேடுவேன். புத்தகம் பாதி என்றால் ஜனங்களின் வாய் மீதி. “டோக்கன் நம்பரப் பாத்தவொடனே என் ஜுரம் பயந்து ஓடிச்சு” என்று ஒரு அம்மா சொன்னார். “மாத்திர இத்தினியூண்டு கீது, நோவு எம்மாம் பெருசு கீது, ரெண்டும் சண்ட போட்டா எது ஜெயிக்கும்?” என்று ஒரு பெரியவர் கேட்டார். டாக்டரிடம் இல்லை, என்னிடம்தான் கேட்டார். இப்படிப்பட்ட பேச்சுகளை நான் எழுதி வைப்பதில்லை. நாலு பேரிடம் சொல்லிச் சொல்லியே மனசில் வைத்திருக்கிறேன்.

என் வீடு வியாசர்பாடி, எம்.கே.பி. நகரில். எங்கள் குடியிருப்பின் சங்கக் கட்டடத்தில் சாயங்காலம் ஒரு அறை சும்மா கிடந்தது. கேரம் போர்டை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டுப் பாய் விரித்தோம். நர்ஸ் ஆக வேண்டும், ரத்தப் பரிசோதனை படிக்க வேண்டும், எக்ஸ்ரே எடுக்கக் கற்க வேண்டும் என்று ஆசைப்படுகிற பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன், தெரியாததைச் சேர்ந்து தேடுவோம். எந்தக் காலேஜில் எப்போது விண்ணப்பம் தருகிறார்கள், என்ன சர்டிபிகேட் வேண்டும், இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள் என்று அலைந்து விசாரிப்பதுதான் என் பெரிய வேலை. டீச்சர் என்று ஒருத்தரும் என்னைக் கூப்பிட்டதில்லை. ‘யக்கா’தான்.

அந்தக் கூட்டத்தில் ஒருத்தியைத் தெருவே ‘கீப்பர்’ என்று கூப்பிட்டது. எங்கள் பக்கத்துப் பெண்கள் கால்பந்து டீமில் அவள்தான் கோல்கீப்பர். பந்துக்காகத் தரையில் விழுவாள், முழங்கை தோல் உரிந்து ரத்தம் வரும், எழுந்து நின்று கையைத் தூக்கி “ஒண்ணியும் இல்ல!” என்று கத்துவாள். ஊசி போடும்போது மற்ற பெண்கள் கண்ணை மூடினால் இவள் எட்டிப் பார்ப்பாள். ப்ளஸ் டூவில் நல்ல மார்க். நர்ஸ் படிப்பு தவிர வேறெதுவும் அவள் வாயில் வந்ததில்லை.

ஒரு ஆஸ்பத்திரியோடு சேர்ந்த நர்சிங் ஸ்கூல் இருந்தது. கஷ்டப்படுகிற வீட்டுப் பெண்கள் சிலருக்குப் படிப்பு, தங்கல், சாப்பாடு எல்லாம் இலவசம். மார்க் பார்ப்பார்கள், அப்புறம் நேரில் உட்காரவைத்து வீட்டு நிலைமையைக் கேட்பார்கள். எங்கள் அறையிலிருந்து கீப்பரும் இன்னும் இரண்டு பெண்களும் போனார்கள். திரும்பி வந்தவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“ஷோக்கா இருந்துச்சுக்கா. உள்ள ஏசி. டீ குட்த்தாங்க.”

“கேள்வி?”

“எல்லாத்துக்கும் கரீக்டா பதில் சொல்ட்டோம்.”

மூன்று பேருக்கும் இடம் கிடைக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அந்த ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த மேடம் நல்ல மாதிரி. உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

“பொண்ணுங்க மூணு பேரும் நல்ல பொண்ணுங்க. மார்க்கும் இருக்கு. ஆனா இது கஷ்டப்படற குடும்பத்துப் பிள்ளைகளுக்கான இடம். இவங்க வீட்ல ஒரு கஷ்டமும் இல்லையாமே?”

“யாரு மேடம் சொன்னது?”

“அவங்களேதான் சொன்னாங்க.”

வருமானச் சர்டிபிகேட் கொடுத்தோமே என்றேன். அதை எல்லோரும்தான் வாங்கிக்கொண்டு வருகிறார்கள், நாங்கள் நேரில் கேட்டுத்தான் முடிவு செய்கிறோம் என்றார். கேட்டதற்கு இவர்கள் சொன்ன பதில்களையும் சொன்னார். ஒருத்தி, அப்பா சொந்த பிசினஸ் என்றிருக்கிறாள். சுண்டல் வண்டி. இன்னொருத்தி சொந்த வீடு என்றிருக்கிறாள். குடிசை மாற்று வாரியம் ஒதுக்கிய ஒற்றை அறை. நம் கீப்பர் சொன்னது, “எங்கப்பா ஹார்பர்ல கீறாரு. ஒரு கஷ்டமும் இல்ல மேடம்.”

ஹார்பர் என்றால் மேடம் என்ன நினைப்பார்? மாதச் சம்பளம், பென்ஷன், குவார்ட்டர்ஸ். எங்கள் ஊரில் கப்பல் ஓட்டுகிறவரும் ஹார்பர்ல கீறாரு, கேட்டுக்கு வெளியே டீ ஆற்றுகிறவரும் ஹார்பர்ல கீறாரு. கீப்பரின் அப்பா காலையில் குடோன் வாசலில் போய் நிற்பார். மூட்டை இறக்கக் கூப்பிட்டால் அன்றைக்கு வேலை. கூப்பிடாவிட்டால் வீட்டுக்கு நடை. அதுதான் அவருடைய ஹார்பர்.

சாயங்காலம் மூவரையும் உட்காரவைத்துக் கேட்டேன். கீப்பர்தான் பதில் சொன்னாள்.

“பின்ன இன்னாக்கா சொல்றது? மொத மொத பாக்குறாங்க. அவங்ககிட்ட வூட்டு மேட்டர இஸ்து நடு ரோட்ல போட சொல்றியா?”

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். தப்பு செய்துவிட்டோம் என்ற எண்ணமே அந்த முகங்களில் இல்லை. விருந்தாளி வந்தால் உடைந்த நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு நல்ல நாற்காலியைப் போடுவோமே, அது மாதிரிதான் அவர்களுக்கு. எங்கள் ஜனங்களிடம் எனக்குப் பிடித்த குணமே அதுதான். அதுவே ஒரு பெண்ணின் படிப்பைத் தட்டிவிடும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

கீப்பர் அந்த வருஷம் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றாள். மறுவருஷ இன்டர்வியூ நெருங்கியபோது அவள் அப்பா சங்க அறைக்கே வந்தார். எண்ணூர் ரோட்டில் ஒரு கம்பெனியில் பெண்களை வேலைக்கு எடுக்கிறார்களாம், வாசலுக்கே பஸ் வருமாம். கோபமாகச் சொல்லவில்லை.

“இந்த வாட்டி கெடச்சா படிக்கட்டும், நான் இன்னா வேணாம்னா சொல்றேன்? இல்லாங்காட்டி கம்பெனி பஸ்ல ஏறட்டும். இன்னும் எத்தினி வருசம் ஜெராக்ஸ் மிசின் முன்னாடி நிப்பா, சொல்லும்மா?”

அவர் கேட்டது நியாயம். கம்பெனி பஸ்ஸில் ஒரு முறை ஏறியவர்கள், போன வருஷம் ‘சொந்த வீடு’ என்று சொன்ன பெண் உட்பட, எங்கள் அறைக்குத் திரும்பி வந்ததில்லை. ஆக, கீப்பருக்கு மிச்சமிருந்த வழி இந்த இன்டர்வியூ ஒன்றுதான்.

சரி, கஷ்டத்தைச் சொல்லப் பழகுவோம் என்று ஆரம்பித்தேன். நான் மேடம் மாதிரி உட்கார்ந்து, “உங்க வீட்ல என்னம்மா கஷ்டம்?” என்று கேட்பேன். அந்த அறையில் நடந்த கூத்தைக் கேளுங்கள். ஒரு பெண் எழுந்து, முந்தானையை வாயில் வைத்து, “அம்மா... மூணு நாளா எங்க வூட்ல அடுப்பே எரியல” என்று விசும்பினாள்.

பின்னாலிருந்து ஒரு குரல்: “ஐய! நேத்து ஒங்க வூட்டு கறிக்கொழம்பு வாசன மூணாவது மாடி வரைக்கும் தூக்குச்சே!”

“அது பக்கத்து வூடுடி!”

“பக்கத்து வூட்டு கொழம்பு ஒன் கைல எப்டி ஒட்டிகினு இருந்துச்சு?”

எல்லோரும் பாயில் புரண்டு சிரித்தார்கள். நானும்தான். கீப்பரின் முறை வந்தபோது அவள் எழுந்திருக்கவே இல்லை.

“நான் பிச்ச கேக்கப் போலக்கா. படிக்கத்தான போறேன்.”

அவள் சொன்னதில் என்ன தப்பு? அழுது காட்டினால்தான் இடம் என்றால் அந்த இடத்தில் உட்கார்ந்து தலை நிமிர்ந்து எப்படிப் படிப்பது? ஆனால் வாயை மூடிக்கொண்டு வந்தால் கம்பெனி பஸ். இரண்டுக்கும் நடுவில் எனக்கு வழி தெரியவில்லை. அன்றைக்கு வகுப்பைச் சீக்கிரமே முடித்தேன்.

அந்தச் சமயம் கிளினிக்கில் சனிக்கிழமை கூட்டம் தாங்காது. கூடமாட இருக்கட்டும் என்று கீப்பரை அழைத்துப் போவேன். காசிமேட்டில் மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் பார் இறக்குகிற ஒருவர் வந்தார். நல்ல ஆள், தோள் இரண்டும் கதவு மாதிரி இருக்கும். நான் டோக்கன் எழுதிக்கொண்டே என்ன உடம்புக்கு என்று கேட்டேன்.

“ஒண்ணியும் இல்லமா. லேசா அசதி. மெதுவா கூப்டு, இன்னா அவசரம்.”

கடைசி டோக்கனைக் கொடுத்துவிட்டேன். கீப்பர் அவருக்குப் பக்கத்தில் பெஞ்சில் போய்க் குந்தினாள்.

“நேத்து ஐஸ் எறக்க போனீங்களாண்ணா?”

“போவாம?”

“எப்ப ஆரமிச்சீங்க?”

“விடிய சொல்ல.”

“நாஷ்டா துன்னீங்களா?”

“துன்னேன். பாதி.”

“மீதிய யாருக்குக் குட்தீங்க, காக்காய்க்கா?”

அவர் சிரித்தார். “யாருக்கும் குடுக்கல. உள்ள எறங்கல.”

“அப்பால?”

“அப்பால இன்னா, வேலதான். ரெண்டாவது லோடு தூக்க சொல்ல இங்க யாரோ ஏறிக் குந்திகினு கீற மாதிரி இருந்துச்சு” என்று நெஞ்சைத் தொட்டார். “வேர்த்து ஊத்திச்சு. ஐஸ்ஸுக்குப் பக்கத்துல நின்னுகினு வேர்க்குதேன்னு தோஸ்துங்க கூட கலாய்ச்சானுங்க.”

கீப்பர் எழுந்து என்னிடம் வந்து காதில் சொன்னாள். நான் டோக்கனையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு அவரை முதலில் உள்ளே அனுப்பினேன். டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏற்றிவிட்டார். அவர் பிழைத்துக்கொண்டார். பிற்பாடு ஒருநாள் வந்து வாசலில் நின்று, “இப்ப மெய்யாலுமே ஒண்ணியும் இல்ல!” என்று கிளினிக் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் கேட்டேன், “என்கிட்ட சொல்லாத மனுஷன் உன்கிட்ட எப்டிடி சொன்னாரு?”

“இன்னா நோவுன்னு கேட்டா எவனும் சொல்ல மாட்டான்க்கா. கெத்து போய்டும்ல? நேத்து இன்னா பண்ணேன்னு கேளு, சொல்லிகினே இருப்பான். நேத்த சொல்றதுல இன்னா வெக்கம் கீது? நடந்தது நடந்துச்சு, அவ்ளதான்...”

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தண்டையார்பேட்டை தாண்டி வெகுதூரம் வரைக்கும் இருவரும் பேசவில்லை. எனக்குப் பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

மூன்று நாள் கழித்து வகுப்பில் யாரும் கூப்பிடாமலே எழுந்து நின்றாள். “நேத்து” என்று ஆரம்பித்தாள். தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்தது, அம்மா ஆபீஸ் கூட்டித் துடைக்கிற வேலைக்குப் போனதால் தம்பிக்குச் சோறு கட்டியது, அவனை ஸ்கூலில் விட்டது, கடையில் நின்றது, மாடிப்படியில் உட்கார்ந்து படித்தது, ஏறி இறங்குகிறவர்களுக்காக ஒவ்வொரு முறையும் புத்தகத்தை மூடி எழுந்து நின்றது. அழுகை இல்லை, குரல் இறங்கவில்லை. மேட்சில் பந்து எப்படி வந்தது என்று சொல்லுவாளே, அப்படிச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. முடிந்ததும் சுண்டல் வண்டிக்காரர் பெண் எழுந்து, “இப்ப நானு. நேத்து...” என்றாள்.

அதையே விளையாட்டாக்கிவிட்டார்கள். நேற்று நடந்ததை மட்டும் சொல்ல வேண்டும். ‘கஷ்டம்’ என்றோ ‘பாவம்’ என்றோ வாயில் வந்தால் எல்லோரும் சேர்ந்து “அவுட்!” என்று கத்துவார்கள். நானே ஒருநாள் அவுட் ஆனேன்.

இன்டர்வியூ நாளில் கீப்பரின் அம்மாவும் நானும் அந்தக் கட்டடத்தின் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் அம்மா, “உள்ள இன்னா பேசிகினு கீதோ” என்று கையைப் பிசைந்துகொண்டே இருந்தார். உள்ளே நடந்ததை வெளியே வந்ததும் அவளே நடித்துக் காட்டினாள். அதிலிருந்துதான் சொல்கிறேன்.

அதே மேடம், கூட ஒரு டாக்டர், வயசான தலைமை நர்ஸ் ஒருத்தர். மேடம் கேட்டிருக்கிறார், “உங்க வீட்ல என்னம்மா கஷ்டம்?”

“ஒரு கஷ்...” என்று வாய் தானாகவே ஆரம்பித்துவிட்டதாம். எச்சிலோடு சேர்த்து விழுங்கிவிட்டாள். “நேத்திக்கு எங்க வீட்ல நடந்தத சொல்லட்டா மேடம்?”

“சொல்லு.”

சொன்னாள். குடம், தம்பி, கடை, மாடிப்படி எல்லாம். “நேத்து அப்பா ஹார்பர்லேருந்து காலைலயே திரும்பி வந்துட்டாரு. கூப்புடல.”

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். “கூப்புடலன்னா? போன வருஷம் உங்கப்பா ஹார்பர்ல வேலைன்னு சொன்னியே?”

“கேட்டுக்கு உள்ள கூப்ட்டாதான் மேடம் வேல. கூப்புடலன்னா கேட்டுக்கு வெளிய. எங்க நின்னாலும் நாங்க ஹார்பர்னுதான் சொல்வோம்.”

மேடம் பேனாவை மறுபடி எடுத்து எதையோ எழுதிக்கொண்டாராம். பிறகு தலைமை நர்ஸ், “எதுக்கு நர்ஸ் ஆகணும்? சேவை செய்யணும்னு சொல்லாதே, அதை இன்னிக்குக் காலைலேருந்து கேட்டுக்கிட்டு இருக்கேன்” என்றார்.

இவள் மனப்பாடம் செய்து வைத்திருந்தது அந்தச் சேவைதான்! அது போச்சு. வாயில் வந்ததைச் சொன்னாள்: “எங்காளுங்க நோவு வந்தா வாயத் தொறக்க மாட்டாங்க மேடம். தொறக்க வைக்கிறது எனக்கு வரும்னு தோணுது.”

“ஹாஸ்டல், ராத்திரி டியூட்டி எல்லாம் இருக்கும். பாதியில அழுதுகிட்டு ஓட மாட்டியே?”

“கோல் போஸ்ட்ட உட்டுட்டு கீப்பர் எங்க மேடம் ஓடுறது?”

தலைமை நர்ஸ் சிரித்த சிரிப்பு வராந்தா வரைக்கும் கேட்டது. அதை மட்டும் நானே கேட்டேன். அவள் அம்மா என் கையைப் பிடித்து, “சிரிக்கிறாங்களே, நல்லதா கெட்டதா?” என்றார்.

நல்லதுதான். சில நாள் கழித்து, டோக்கன் கொடுத்துக்கொண்டிருக்கும்போது எனக்கு போன் வந்தது. கீப்பருக்கு இடம். சுண்டல் வண்டிக்காரர் பெண்ணுக்கும் இடம். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, காத்திருந்த நோயாளிகள் எல்லோரையும் பார்த்து, “எங்க பொண்ணுங்களுக்கு நர்ஸ் சீட் கெடச்சுடுச்சு!” என்று கத்திவிட்டேன். யார், எந்தப் பெண் என்று ஒருத்தருக்கும் தெரியாது. ஆனாலும் கை தட்டினார்கள். இருமிக்கொண்டிருந்தவர்கூட இருமலை நிறுத்திவிட்டுத் தட்டினார். ஒரு அம்மா, “யாரு பெத்த புள்ளயா இருந்தா இன்னா, நாளைக்கு நமக்குத்தான ஊசி போடப் போவுது” என்றார். டாக்டர் கதவைத் திறந்து என்ன கலாட்டா என்று எட்டிப் பார்த்துவிட்டு, தானும் தட்டினார்.

கீப்பர் ஜெராக்ஸ் கடையிலிருந்து நேரே குடோன் வாசலுக்கு ஓடினாள். அன்றைக்கு அவள் அப்பாவைக் கூப்பிட்டிருந்தார்கள். உள்ளே மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். கேட்டுக்கு வெளியே நின்று “நைனா! கெடச்சிடுச்சு!” என்று இவள் கத்தியதை, கோல் போஸ்ட்டிலிருந்து டீமுக்குக் குரல் கொடுத்துப் பழகிய தொண்டை ஆயிற்றே, குடோனே கேட்டிருக்கிறது. கூட வேலை செய்கிறவர்கள் அவரை அப்படியே மூட்டை மாதிரித் தூக்கிவிட்டார்களாம். “இறக்குங்கடா, லாரி நிக்கிது” என்று அவர் கத்த, “லாரி நிக்கட்டும் மாமு, ஒரு நாளாவது நீ மேல கீ” என்று அவர்கள் இறக்கவே இல்லையாம்.

சேர்க்கை நாளில் நாங்கள் ஒரு படையாகவே போனோம். கீப்பர், அவள் அம்மா, அப்பா, தம்பி, நான், வகுப்பிலிருந்து சில பிள்ளைகள். சுண்டல் வண்டிக்காரர் பெண் தன் வீட்டாரோடு முன்னாலேயே போயிருந்தாள். அவள் அப்பா இரும்புப் பெட்டியைத் தோளில் வைத்திருந்தார். சக்கரம் வைத்த வண்டி ஆஸ்பத்திரி வாசலிலேயே இருந்தது, ஆனால் அதில் ஏற்ற விடவில்லை. ஆஸ்பத்திரி கேட்டில் செக்யூரிட்டி நிறுத்தினார்.

“எங்க போறீங்க?”

“அட்மிசனு” என்றார் அவள் அம்மா.

“இவ்ளோ பேர் கூட போக முடியாதும்மா. எந்த வார்டு? பேஷண்ட் எங்க?”

“வார்டு இல்லப்பா. ஸ்கூலு. தோ நிக்கிறா பாரு, நர்சு!”

அவர் கீப்பரை ஒரு முறை, பெட்டியை ஒரு முறை பார்த்தார். “இப்பத்தான சேரவே போறாங்க. அதுக்குள்ள நர்ஸா?”

“நீ வழி உடு, ஆயிடுவா.”

அவர் சிரித்துக்கொண்டே சங்கிலியைக் கழற்றினார். பெட்டி முதலில் போனது, பின்னாலேயே நாங்கள் எல்லோரும் போனோம். எங்களில் ஒருத்தரைக்கூட அவர் நிறுத்தவில்லை.